அரக்கர் வீட்டில் யார் சமைத்தார்கள்?

குழந்தைகளுக்குக் கதை சொல்லும் தாய்மார்களிடமும் பாட்டிமார்களிடமும் இந்த வாரம் ஒரு கேள்வி. அரக்கர் வீட்டில் யார் சமைத்தார்கள்?

சிரிக்காதீர்கள்! கேள்வி அடுப்பங்கரையைப் பற்றியது என்றாலும் அற்பமான கேள்வி அல்ல. கோரைப் பல்லும் செம்பட்டை மயிரும் உள்ள அரக்கனைக் கதையில் கொண்டு வந்து நிறுத்துகிறோம். அவன் மனிதரைத் தின்கிறான். வீரன் வந்து அவனைக் கொல்கிறான். குழந்தை கைகொட்டித் தூங்கிப் போகிறது. அந்த அரக்கனுக்கு ஒரு மனைவி இருந்தாளா, விளக்கேற்றி வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்துக் காத்திருந்தாளா என்று நாம் சொல்வதில்லை. சொன்னால் கதை கெட்டுப் போகும். குழந்தை தூங்காமல் அழத் தொடங்கிவிடும்.

டோல்கீன் என்ற ஆங்கில எழுத்தாளர் 1954, 1955-ம் ஆண்டுகளில் ஒரு பெரிய நாவலை மூன்று பாகங்களாக வெளியிட்டார். உலகெங்கும் விற்பனையாகி, சினிமாவாகவும் வந்த கதை அது. அதிலே 'ஓர்க்' என்று ஒரு கூட்டம் வருகிறது. கரடுமுரடான உருவம், கொடூரமான பேச்சு, தீயவன் ஒருவனுக்கு அடிமைச் சேவகம். ஆயிரக்கணக்கில் வருகிறார்கள், ஆயிரக்கணக்கில் மாள்கிறார்கள். ஆனால் அத்தனை பெரிய நாவலில் ஓர்க் பெண் ஒருத்தியாவது பேசக் காணோம். தொட்டில் இல்லை, கல்யாணம் இல்லை, இழவு வீடும் இல்லை. பிற்காலத்தில் இதைப் பற்றிக் கேள்வி எழுந்தபோது, ஓர்க் பெண்களும் இருந்திருக்கத்தான் வேண்டும் என்று டோல்கீனே ஒரு கடிதத்தில் ஒப்புக்கொண்டார். இருந்திருக்கத்தான் வேண்டும்! கதையில்தான் அவர்களுக்கு இடமில்லை. ஆகையினால் ஆயிரம் ஓர்க்குகள் விழுந்தாலும் வாசகர் கண்ணில் ஒரு சொட்டு நீர் வருவதில்லை. அவர்களுக்காக அழ வீட்டில் ஒருவரும் இல்லையே! இந்தக் குறையை வாசகர்களே உணர்ந்தார்கள் போலும். பின்னால் வந்தவர்கள் ஓர்க்குகளுக்குக் குலம், கோத்திரம், திருமண முறை, ஈமச் சடங்கு எல்லாம் தாங்களாகவே கற்பனை செய்து எழுதி வருகிறார்கள்.

நம் முன்னோர் இந்த விஷயத்தில் கொஞ்சம் தாராள மனம் படைத்தவர்கள். வால்மீகியின் அனுமான் இலங்கைக்குள் இரவில் நுழையும்போது அரக்கர் வீடுகளிலிருந்து வேதம் ஓதும் ஒலி கேட்கிறது. இராவணனுக்கு மண்டோதரி என்ற உத்தமி மனைவி. அசோகவனத்தில் சீதைக்கு ஆறுதல் சொன்ன திரிசடை யார்? கம்பர் கணக்கில் விபீஷணனுடைய மகள். மண்டோதரி புலம்புகிற கட்டத்தில், இராவணன் செய்த பாவம் அத்தனையும் தெரிந்திருந்தும் நம் நெஞ்சு கரைகிறது அல்லவா? அதற்குக் காரணம் அங்கே ஒரு வீடு இருக்கிறது என்பதுதான்.

ஆனால் அரக்கரைப் பற்றி நம் தமிழில் உள்ள மிக அருமையான பாடம் இராமாயணத்தில் இல்லை. மணிமேகலையில் இருக்கிறது. 'ஆதிரை பிச்சையிட்ட காதை' என்ற பகுதியில் சீத்தலைச் சாத்தனார் சொல்லும் கதை அது. சுருக்கமாகச் சொல்கிறேன், கேளுங்கள்.

காவிரிப்பூம்பட்டினத்தில் ஆதிரை என்று ஒரு புண்ணியவதி. அவள் புருஷன் சாதுவன். பெயர்தான் சாதுவன், காரியமெல்லாம் வேறு. மனைவியை விட்டுக் கணிகை வீட்டுக்குப் போனான். சூதாடிப் பொருளெல்லாம் தோற்றான். கையில் காசில்லாமற் போகவே அந்த வீட்டிலும் இடமில்லை. பிறகு புத்தி வந்து, வணிகரோடு கப்பலேறிப் பொருள் தேடப் போனான். நடுக்கடலில் புயல், கப்பல் உடைந்தது. ஒடிந்த பாய்மரத் துண்டைப் பற்றிக்கொண்டு மிதந்து, நாகர் என்ற ஆடையில்லாத மலைவாசிகளின் கரையில் ஒதுங்கினான். அந்த நாகர் மனிதரைத் தின்பவர்கள்.

களைப்பிலே சாதுவன் ஒரு மரத்தடியில் தூங்கிப் போனான். நாகர் சிலர் வந்து பார்த்தார்கள். தனியாகக் கிடக்கிறான், நல்ல உணவு என்று மகிழ்ந்து அவனை எழுப்பினார்கள். இந்த இடத்தில் கதை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. ஏன் தெரியுமா? சாதுவன் கண் விழித்ததும் அவர்களுடைய பாஷையிலேயே பேசினான்!

அவ்வளவுதான். தின்ன வந்தவர்கள் திகைத்து விலகி நின்றார்கள். "எங்கள் தலைவரிடம் வாருங்கள்" என்று மரியாதையாக அழைத்துப் போனார்கள். அங்கே தலைவன், கள் பானைகளுக்கும் புலால் நாற்றத்துக்கும் வெள்ளெலும்புகளுக்கும் நடுவே, பெண் கரடியோடு ஆண் கரடி இருப்பது போலத் தன் மனைவியோடு வீற்றிருந்தான். கவனித்தீர்களா? மனைவியோடு! சாத்தனார் அரக்கனைக் காட்டும்போதே அவன் வீட்டுக்காரியையும் காட்டிவிடுகிறார்.

கப்பல் உடைந்த கதையைச் சாதுவன் சொன்னான். நரமாமிசம் தின்னும் அந்தத் தலைவனுக்கு முதலில் வந்த உணர்ச்சி என்ன? இரக்கம். "ஐயோ, கடலில் பசித்துக் கிடந்தவர்! இவருக்கு ஊனும் கள்ளும் கொடுங்கள். ஓர் இளம்பெண்ணையும் கொடுங்கள்" என்றான். அது அவர்கள் ஊர் விருந்தோம்பல். நமக்குக் காது கூசுகிறது. ஆனால் விருந்தோம்பல் என்பதில் சந்தேகமில்லை. சாதுவன் எல்லாவற்றையும் மறுத்தான். தலைவனுக்குக் கோபம் வந்தது. இவையும் இல்லாவிட்டால் வாழ்வில் என்னதான் பயன் என்று கேட்டான். கொலையும் கள்ளும் ஏன் கூடாது, நல்வினை தீவினை என்பவை என்ன என்று சாதுவன் சொல்ல, தலைவன் சிரித்தான். உடம்பை விட்டுப் போன உயிர் இன்னோர் இடத்தில் போய்ப் புகுமா என்று தர்க்கம் பேசினான். சாதுவனும் நிதானமாக விளக்கினான்.

கடைசியில் தலைவன் கேட்டான் பாருங்கள் ஒரு கேள்வி, அதுதான் இந்தக் கதையின் உயிர். ஊனும் கள்ளும் இல்லாமல் எங்களால் உடம்பை வைத்திருக்க முடியாது. எங்களுக்கு ஆகிற தர்மத்தைச் சொல்லுங்கள் என்றான். சாதுவனும் தன் ஊர்த் தர்மத்தை அப்படியே அவர்கள் தலையில் கட்டவில்லை. "கப்பல் உடைந்து கரை சேருகிறவர்களைக் காப்பாற்றுங்கள். மூத்துத் தானாக விழும் பிராணியைத் தவிர வேறு எந்த உயிரையும் கொல்லாதீர்கள்" என்றான். சரி என்று ஏற்றுக்கொண்டார்கள். முன்பு தாங்கள் தின்ற பயணிகளின் பொருளையெல்லாம் அவனுக்கே கொடுத்து அனுப்பினார்கள். சாதுவன் ஆதிரையிடம் திரும்பி வந்தான். மணிமேகலையின் அமுதசுரபியில் முதல் பிச்சை இட்டவள் அந்த ஆதிரைதான்.

சாதுவனைக் காப்பாற்றியது வாளா, மந்திரமா? இரண்டும் இல்லை. பாஷை. பாஷை தெரியாதவரை அவர்கள் அரக்கர். தெரிந்த பிறகு, பசி, இரக்கம், கோபம், தர்க்கம், மானம் எல்லாம் உள்ள ஒரு ஜனக்கூட்டம்.

"பழங்கதை, இப்போது எந்த நாகர் இருக்கிறார்கள்?" என்று கேட்பீர்கள். அதனால்தான் பக்கத்திலேயே உள்ள ஒரு கடற்கரைக்கு உங்களை அழைத்துப் போகிறேன்.

சென்னையிலிருந்து வடக்கே, பொன்னேரி வழியாகச் சுமார் 60 கிலோமீட்டர் போனால் பழவேற்காடு. ஒரு பக்கம் வங்காள விரிகுடா, மறு பக்கம் பரந்த ஏரி. இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் ஒரிஸாவின் சிலிகாவுக்கு அடுத்தபடி பெரியது இதுதான். பெரும் பகுதி ஆந்திராவிலும், தென்கோடி தமிழ்நாட்டிலும் இருக்கிறது. முகத்துவாரத்தின் வழியாகக் கடல்நீர் ஏறுவதும் இறங்குவதுமாக ஏரி மூச்சு விடுகிறது. குளிர் காலத்தில் பூநாரைகள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கும். கரையெல்லாம் குப்பங்கள்.

பட்டணத்தில் மீன் மார்க்கெட் பக்கம் போய் வந்தவர்கள் இந்தக் குப்பத்து ஜனங்களைப் பற்றி என்ன சொல்வார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். "அப்பப்பா, என்ன சத்தம்! முரட்டு ஜனங்கள். வாயைத் திறந்தால் சண்டை." சத்தம் உண்மைதான். அலையும் காற்றும் இரைகிற இடத்தில் படகுக்குப் படகு பேசிப் பழகிய தொண்டை, வீணை வகுப்பில் பேசுவது போலப் பேசுமா? அது போகட்டும். அந்தச் சத்தத்துக்குள்ளே உள்ள ஒரு சொல்லை மட்டும் இன்று கற்றுக்கொள்வோம். அந்தச் சொல் 'பாடு.'

பாடு என்றால் நமக்குக் கஷ்டம் என்று பொருள். மீனவருக்கு அது மீன் கிடைப்பதும்கூட. பழவேற்காட்டில் இன்னும் ஒரு பொருள் உண்டு: ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை கட்டலாம் என்ற முறைக்கே பாடு என்று பெயர். முகத்துவாரத்தை ஒட்டிய நீரோட்டத்தில்தான் இறால் அதிகம். அங்கே கம்பு நட்டுச் சுத்து வலை கட்டினால் ஓட்டத்தோடு வரும் இறால் வலையில் விழும். நல்ல இடமோ சில, ஆளோ பலர். வலுத்தவன் நல்ல இடத்தைப் பிடித்துக்கொண்டால் இளைத்தவன் குழந்தைகள் பட்டினிதானே? அதற்குத்தான் இந்த ஏற்பாடு. பாட்டு உரிமை உள்ள குப்பங்கள் தங்களுக்குள் முறை வைத்துக்கொள்கின்றன. குப்பத்துக்குள் யாருக்கு எந்த இடம் என்பதற்குச் சீட்டு. இன்று நல்ல இடம் வாய்த்தவனுக்கு மறுமுறை மட்டமான இடம் வரலாம். அதிர்ஷ்டத்தையே வரிசையில் நிறுத்திவிட்டார்கள்!

இதற்குப் போலீஸ் இல்லை, கோர்ட்டு இல்லை; ஊர்க் கூட்டத்தின் வார்த்தைதான். எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்கள் வகுத்த இந்த முறையைப் பற்றி ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் 1991-ம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சிப் பிரசுரமே வெளியிட்டது. பொதுச் சொத்தைக் கிராமத்தார் தாங்களே விதி வகுத்துக் காப்பாற்ற முடியும் என்று உலகின் பல மூலைகளிலிருந்து உதாரணம் காட்டிய எலினார் ஆஸ்ட்ரம் என்ற அம்மையாருக்கு 2009-ம் ஆண்டில் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண்மணி அவர். நம் தெருக் குழாயடியில் குடம் வைத்து வரிசை காத்த பெண்களுக்கு அவர் சொன்னது புதிதாக இராது!

பாட்டில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. பாடு ஆண்களுக்கு மட்டுந்தான். ஆனால் எந்த ஆணுக்கு? பட்டினவர் குலத்தில் பிறந்து, அந்தக் குப்பத்தில் குடியிருந்து, கல்யாணமும் ஆனவனுக்கு. எத்தனை பெரிய வலைக்காரனானாலும் பிரம்மச்சாரிக்குத் தண்ணீரில் பங்கு கிடையாது. தாலி கட்டினால்தான் பாடு! வலையைக் கட்டுவது ஆண். ஆனால் அந்த உரிமை உதிப்பது அவன் வீட்டு அடுப்பில். அரக்கர் வீட்டில் யார் சமைத்தார்கள் என்று ஆரம்பத்தில் கேட்டேனே, அந்தக் கேள்வியை இந்த ஊர்க்காரர்கள் என்றைக்கோ கேட்டு, விடையைச் சட்டமாகவே வைத்துவிட்டார்கள்.

இப்படிச் சொன்னதனால் எல்லாம் தங்கம் என்று நினைத்துவிட வேண்டாம். அடுப்பால் உரிமை வந்தாலும் அடுப்பு மூட்டுகிறவள் பெயர் பாட்டில் இல்லை. வேறு குலத்தாருக்கும், பாடு இல்லாத குப்பத்தாருக்கும் அந்த நல்ல இடங்களில் வலை கட்ட வழியில்லை. இறாலுக்கு வெளிநாட்டில் விலை ஏறியபின் இதனால் பலமுறை சண்டை மூண்டிருக்கிறது. ஏரிக்கரையில் இருளர் குடும்பங்களும் இருக்கின்றன. அவர்களில் பெண்கள் ஆழமில்லாத தண்ணீரில் உட்கார்ந்தபடி நகர்ந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பார்கள். பிடித்ததைப் போட ஓலையால் பின்னிய பறி. இரண்டு கையும் வேலையில் இருப்பதால் பறியைப் பல்லால் கடித்துக்கொள்வார்கள். இடுப்பளவுத் தண்ணீரில் மணிக்கணக்காக அந்த வேலை. அவர்களுக்கு வலையும் இல்லை, பாடும் இல்லை. முகத்துவாரம் மணல் மூடிப்போகும் காலத்திலோ பாடு உள்ளவன், இல்லாதவன் எல்லாருக்குமே கஷ்டம்.

ஆகவே இந்த முறை மாற வேண்டுமா? மாற வேண்டிய இடங்கள் இருக்கின்றன. ஆனால் எப்படி? முரட்டு ஜனங்களுக்கு நாம் போய்ச் சட்டம் சொல்லித் தருவோம் என்று கிளம்பினால், இருக்கிற நல்ல சட்டமும் உடைந்து, வலுத்தவன் கையில்தான் ஏரி போகும். நாகர் தலைவன் கேட்டானே, எங்களுக்கு ஆகிற தர்மம் எது என்று, அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும். பதில் சொல்கிறவருக்கு முதலில் அவர்கள் பாஷை தெரிந்திருக்க வேண்டும்.

பாஷை தெரியாமல் முகத்தைப் பார்த்தே முடிவு கட்டினால் என்ன ஆகும் என்பதற்குப் பழவேற்காட்டிலேயே ஒரு சாட்சி நிற்கிறது. டச்சுக்காரர் 1613-ம் ஆண்டில் இங்கே ஜெல்டிரியா என்ற கோட்டையைக் கட்டினார்கள். சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடமாகவே இந்த ஊர் நெடுங்காலம் இருந்தது. கோட்டை மறைந்துவிட்டது, கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அதன் நுழைவாயிலின் இரு புறமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கின்றன! விவரம் அறியாத ஒருவர் பார்த்தால், வாசலில் எலும்புக்கூடு வைக்கும் இந்த ஜனங்கள் எப்படிப்பட்ட அரக்கர்களோ என்றுதான் நினைப்பார். உண்மையில் அது, "நீயும் ஒரு நாள் இப்படித்தான்" என்று உயிரோடிருப்பவருக்கு நினைவூட்டும் ஐரோப்பிய வழக்கம். நம் பட்டினத்தார் சொல்லாததா?

ஆனால் அதே டச்சு வியாபாரிகள் இந்தக் கரையில் கட்டம் போட்ட துணியை மட்டும் வாங்கவில்லை. 17-ம் நூற்றாண்டில், பஞ்சமும் யுத்தமும் வந்த காலங்களில், ஆயிரக்கணக்கான ஆண்களையும் பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக வாங்கிப் பதாவியா முதலிய இடங்களுக்குக் கப்பலேற்றினார்கள். ஜகார்த்தாவுக்கு அக்காலத்தில் அவர்கள் இட்ட பெயர்தான் பதாவியா. பிடித்து விற்க உள்ளூர்த் தரகர்களும் இருந்தார்கள். வாங்கியவர்கள் நல்ல சட்டை போட்டவர்கள், கணக்கெழுதத் தெரிந்தவர்கள். எலும்புக்கூட்டைப் பார்த்து நடுங்கினால் நாம் ஏமாந்து போவோம். நடுங்க வேண்டியது அந்தக் கணக்குப் புத்தகத்தைப் பார்த்து.

ஆகையால் அரக்கரைக் கண்டுபிடிக்கப் பல்லையும் தொண்டையையும் பார்த்துப் பயனில்லை. அவர்கள் பசித்து வந்தவனுக்கு என்ன செய்கிறார்கள், நல்ல இடத்தை எப்படிப் பங்கிடுகிறார்கள், இளைத்தவனுக்கு முறை உண்டா என்று பார்க்க வேண்டும். இந்தப் பரீட்சையில் நம் தெரு எத்தனை மார்க்கு வாங்கும், அடுக்கு மாடிக் கட்டிடத்தில் கார் நிறுத்தும் இடத்துக்கு நாம் போடும் சண்டை எந்த வகுப்பில் தேறும் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்!

கதை சொல்வதை நிறுத்த வேண்டாம். அரக்கன் இல்லாத கதையைக் குழந்தை கேட்குமா? சொல்லுங்கள். சொல்லும்போது அவன் குகையில் ஓர் அடுப்பை மட்டும் மூட்டி வையுங்கள். அடுப்புக்குப் பக்கத்தில் அவன் தாயாரை உட்கார வையுங்கள். "ஏண்டா, இன்றைக்கு இத்தனை நாழி?" என்று அவள் கேட்கட்டும். குழந்தை தூங்கக் கொஞ்சம் தாமதமாகும். பரவாயில்லை.

இன்னொன்று. இந்த நாளில் மீன் டெலிபோனில் சொன்னாலே வீடு வந்து சேருகிறது. ஆனாலும் கூடைக்கார அம்மாள் வரும் தெருக்கள் இன்னும் இருக்கின்றன. அடுத்த முறை அவள் வந்தால், விலையைப் பேசுவதற்கு முன்னால், "எந்த ஊரும்மா? இன்றைக்குப் பாடு எப்படி?" என்று கேட்டுப் பாருங்கள். அவள் கூடையை இறக்கிவைத்துவிட்டு உங்களை ஒரு தரம் நிமிர்ந்து பார்ப்பாள். அதற்குப் பிறகு விலை குறையும் என்று நான் உத்தரவாதம் தர முடியாது. ஆனால் பேச்சு வளரும்.